எட்டுப் பொருத்தம்

முதல் நாள் கேட்ட முதல் கேள்விக்கே துளசிமணி பொய் சொல்லிவிட்டாள். திட்டமிட்டுச் சொன்னதல்ல. பாயை எங்கே விரிப்பதென்று தெரியாமல் சுவரோரம் நின்றவளை, "இங்க வா அம்முணி, ஃபேனுக்குக் கீழ எடமிருக்குது" என்று கூப்பிட்டு உட்கார வைத்த மயிலாத்தாள்தான் கேட்டாள்.

"பசங்க எத்தன பேரு?"

"ஒரே பையனுங்க. குகன்."

"என்ன பண்றான்?"

"வெளிநாட்டுல இருக்கறானுங்க."

மயிலாத்தாள் "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கால்களை நீட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். குகன் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

இறக்கிற வயதில்லை. இருபத்தாறு. அப்பா ராஜவேலு திருப்பூர் அருள்புரத்தில் இருபது தையல் மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்து நடத்திய யூனிட்டை, பட்டன் வைத்த டீசர்ட் ஏற்றுமதி ஆர்டர் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியவன் அவன்தான். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்றான். அந்த வாரம் ஷிப்மெண்ட். மாத்திரையைப் போட்டுக்கொண்டு யூனிட்டிலேயே கிடந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கண்டெய்னர் கிளம்பியது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது டெங்கு என்றார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ராஜவேலு மகன் பெயரை உச்சரிக்கவில்லை. படத்தைச் சட்டம் போட்டு மாலை மாட்ட விடவில்லை. அதுவரை குடியிருந்த மண்ணரைப் பகுதியில் பார்க்கிறவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள் என்று ஊட்டையே காலி செய்து, பல்லடம் ரோட்டுப் பக்கம் யாரும் முகம் தெரியாத தெருவில் வாடகைக்குக் குடிவந்தார். காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரிதான் வருவார். வந்தால் சாப்பாடு, தூக்கம். துளசிமணி ஒருமுறை சாப்பாடு போடும்போது "குகனுக்குப் பிடிக்குமுன்னு…" என்று ஆரம்பித்தாள். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். பிறகு அவளும் அந்தப் பெயரை எடுப்பதில்லை.

சொல்லாத பெயர் நெஞ்சிலேயே நின்றதோ என்னவோ, மூச்சு முட்ட ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் இளைப்பு, உட்கார்ந்தால் அடைப்பு. ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஒண்ணுமில்லீங்க" என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏதாச்சும் யோகா கிளாஸ்ல சேருங்க. செல்போனப் பாத்து ஊட்டுலயே பண்ணாதீங்க. நாலு பேரு இருக்கற எடத்துக்குப் போங்க" என்றார்.

அப்படித்தான் பேக்கரிக்கு மேலே இருந்த வேல்விழியின் யோகா சென்டருக்கு வந்து சேர்ந்தாள். முன்பு யாரோ பனியன் செக்கிங் செக்ஷன் நடத்திய ஹால் அது. மேஜைகளுக்காகத் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்த ட்யூப் லைட்டுகளை அப்படியே விட்டிருந்தார்கள். கையை உயர்த்தும்போது உயரமானவர்கள் பார்த்து உயர்த்த வேண்டும். காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு, ஏழிலிருந்து எட்டு வரை ஆண்களுக்கு. பெண்கள் பன்னிரண்டு பேர். வேல்விழி சங்கரன்கோவில்காரி. அப்பா அம்மாவோடு பஞ்சம் பிழைக்கத் திருப்பூர் வந்து, அவளும் நான்கு வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, முதுகு போய், முதுகுக்காக யோகா கற்றுக்கொண்டு, அதிலேயே படித்துச் சான்றிதழ் வாங்கியவள். முப்பத்து மூன்று வயதிருக்கும்.

முதல் வாரம் துளசிமணியால் குனிந்து முழங்காலைக்கூடத் தொட முடியவில்லை. "தொட வேண்டாம்க்கா. தொடப் போறோம்னு நெனச்சாப் போதும். மூச்ச மட்டும் அடக்காதிய" என்பாள் வேல்விழி. கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுக்கச் சொல்லி, "சவாசனம்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் துளசிமணி விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வேல்விழி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த வகுப்பில் அந்தச் சொல்லே வரவில்லை. "இப்பப் படுங்க, சாந்தி ஆசனம்" என்றுதான் சொன்னாள்.

செய்யச் செய்ய உடம்பு இளகியது. மூன்றாம் மாதம் கைவிரல் கால் பெருவிரலைத் தொட்டது. மாடிப்படி இளைக்கவில்லை. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் மூச்சைப் பழகிய பிறகு நெஞ்சடைப்பு எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. ஒருநாள் போகாவிட்டால் ஆறே காலுக்குப் போன் அடிக்கும். "ஏஞ்சாமி, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்று மயிலாத்தாள் கேட்பாள். அதற்கு முந்தின பத்து மாதத்தில் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஆனால் அவளைத் தூக்கி நிறுத்தியது ஆசனம் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரியும். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டுகிற அந்தப் பத்து நிமிடம்தான். எல்லோரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். அவளும் பேசுவாள். குகன் கத்தரிக்காயைத் தொட மாட்டான். ஒன்பதாம் வகுப்பில் ஸ்கூலுக்குக் கட் அடித்துவிட்டுத் திருமூர்த்தி மலைக்குப் போய் உதை வாங்கினான். அம்மா சேலை கட்டுவதற்கு மடிப்புப் பிடித்துத் தருவான், கூச்சமே படமாட்டான். துணியை விரலால் தடவியே அதன் கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று சொல்லிவிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். "இப்படி ஒரு பையன் எனக்கில்லாமப் போச்சே" என்பாள் மயிலாத்தாள். தினமும் காலையில் அந்தப் பத்து நிமிடம், அந்த மாடியில், குகன் இருந்தான். ஊட்டுக்குத் திரும்பும்போது அவன் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மயிலாத்தாளுக்கு ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். இளையவள் மோனிஷா எம்.காம். முடித்துவிட்டுக் கோயமுத்தூரில் ஆடிட்டர் ஆபீசில் இருந்தாள். துளசிமணி வகுப்பில் சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது தை மாதத்தில், பாயில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே மயிலாத்தாள் கேட்டாள்.

"துளசி, நீங்க என்ன கூட்டம்?"

சொன்னாள்.

"நாங்க வேற கூட்டம். பொண்ணு குடுத்து எடுக்கலாம். அப்பறமென்ன? குகன் ஜாதகத்தக் குடு அம்முணி. மோனிஷாளுக்குப் பாக்கறேன்."

துளசிமணி சிரித்து மழுப்பினாள். அவன் இப்போது வேண்டாம் என்கிறான் என்றாள். அடுத்த வாரம், ஜாதகம் எங்கே வைத்தேனென்று தெரியவில்லை என்றாள். மயிலாத்தாள் விடவில்லை. சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "ரெண்டு பேரும் சம்பந்தியாகி இங்கயே பக்கத்துப் பக்கத்துல பாயப் போட்டுக்குங்க" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள்.

'வேற எடத்துல முடிஞ்சுருச்சுங்க' என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் அன்று ஊட்டுக்குப் போனாள். போனவள் பீரோவைத் திறந்தாள். பட்டுச் சேலைகளுக்கு அடியில் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டு இருந்தது. பிறந்த நேரம் காலை ஐந்து நாற்பது. அவன் அழுத முதல் அழுகை அவள் காதில் கேட்டது. இருபத்தாறு வயதுவரை, அவனுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று அந்த நோட்டை யாரும் வெளியில் எடுத்ததில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றே போய்விட்டது. எல்லாப் பையன்களின் ஜாதகமும் நாலு ஊட்டுக்குப் போய் வருகிறது. நாலு பேர் விரித்துப் பார்த்து, பையன் எப்படி என்று கேட்கிறார்கள். இவனுடையது மட்டும் ஒரு ஊட்டு வாசல்படியும் ஏறவில்லை.

மறுநாள் அந்த நோட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மயிலாத்தாள் கையில் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகு பத்து நாள் அவளுக்கு நிலை கொள்ளவில்லை. செய்தது தப்பு என்று தெரிந்தது. தப்போடு தப்பாக ஒரு சந்தோஷமும் இருந்தது. ஏதோ ஒரு ஊட்டில் தன் மகன் மாப்பிள்ளையாக இருக்கிறான். அவன் உயரம் என்ன, நிறம் என்ன என்று யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொருந்தவில்லை என்றுதான் வரும், நோட்டு திரும்பி வந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பதினோராம் நாள் மயிலாத்தாள் ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு கொண்டுவந்தாள். வகுப்பு முடியும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை; முகம் மட்டும் மலர்ந்து கிடந்தது. கடைசியில் எல்லோரும் படுத்து எழுந்ததும், நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. பத்துக்கு எட்டுப் பொருத்தம்! நம்மூரு ஜோசியர் நோட்டக் கீழ வெக்கவே இல்ல. இப்படி ஒரு ஜாதகம் பாத்து எத்தனையோ வருசமாச்சும்மான்னாரு." துளசிமணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தாடையைப் பிடித்தாள். "ஆயுசு கெட்டியாமா, அம்முணி. உன்ற பையன் எம்பது வயசத் தாண்டுவானாமா."

துளசிமணி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பில்லை. தண்ணீருக்குள் அமுக்கப்பட்டவள் மேலே வருவது போல ஒரு சத்தம். பிறகு பாயில் நெற்றியை முட்டிக்கொண்டு விழுந்தாள்.

"என்னாச்சு? என்னாச்சு துளசி?"

"அவனில்லீங்கக்கா" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு மேலாச்சுங்க. காச்சல்ல போயிட்டானுங்க. என்ற குகன் இல்லீங்க."

மயிலாத்தாளின் கை அவள் முதுகில் இருந்தது. அந்தக் கை மெதுவாக எடுக்கப்படுவதை அவள் உணர்ந்தாள்.

"செத்த பையனோட ஜாதகத்தையா என்ற புள்ளைக்குக் குடுத்தே?"

துளசிமணி நிமிரவில்லை.

"சாமி படத்துக்கு முன்னால வெச்சுக் கும்புட்டனே. ரெண்டையும் ஒண்ணா மடிச்சு, பூ வெச்சு, ஒரு வாரம் வெளக்குப் போட்டனே…" மயிலாத்தாளின் குரல் உடைந்தது. டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, பாயைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். இரண்டொருவர் துளசிமணியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி தொடாமல் சுற்றிப் போனாள்.

ஏழு மணிக்கு வந்த ஆண்களை வேல்விழி கீழேயே நிறுத்தி, "இன்னைக்குக் கிளாஸ் இல்ல" என்று அனுப்பிவிட்டு வந்து, துளசிமணிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"குகனப் பத்திச் சொன்னியளே… அதெல்லாம் நெசமாக்கா? சேல மடிப்பு, கத்தரிக்கா, அந்த மலைக்குப் போனது?"

"எல்லாம் நெசந்தானுங்க" என்றாள் துளசிமணி. "இருக்கறான்னு சொன்னது ஒண்ணுதானுங்க பொய்."

வேல்விழி முகத்தைத் திருப்பித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு துளசிமணி வகுப்புக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மயிலாத்தாளே ஊடு தேடி வந்தாள். கதவைத் திறந்தது ராஜவேலு. அவருக்கு அவள் யாரென்றே தெரியாது. உள்ளே வரச் சொன்னார். அவள் வரவில்லை. வாசலிலேயே நின்று மஞ்சப்பையை நீட்டினாள்.

"உங்க பையன் ஜாதகமுங்க. என்ற பொண்ணுக்குப் பாக்கறதுக்குத் துளசி குடுத்துச்சு. இருக்கறான்னு நெனச்சு வாங்கிட்டேன்." உள்ளே நின்ற துளசிமணியைப் பார்த்தாள். "திட்டறதுக்கு வரலீங்க. ரெண்டு நாளா திட்டித் திட்டி ஓஞ்சுட்டேன். ஆனா அம்முணி, நான் பொண்ணப் பத்திப் பேசறப்பவெல்லாம் சிரிச்சுட்டே கேட்டுட்டு இருந்தியே. அதத்தான் என்னால தாங்க முடியல."

போய்விட்டாள்.

ராஜவேலு கதவைச் சாத்தவில்லை. நோட்டைப் பையிலிருந்து எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார். கத்தப் போகிறார் என்று துளசிமணி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அவனுக்குப் பொண்ணு பாத்தியா?" என்றார்.

"ஆமாங்க."

"பொண்ணு என்ன படிச்சிருக்குது?"

துளசிமணிக்கு ஒரு கணம் புரியவில்லை. "எம்.காமுங்க" என்றாள்.

"வேலைக்குப் போகுதா?"

"கோயமுத்தூர்ல ஆடிட்டர்கிட்ட இருக்குதுங்க."

"எத்தன பொருத்தம் வந்துது?"

"எட்டுங்க."

"எட்டு" என்றார் ராஜவேலு. "நல்ல பொருத்தம். நமக்கே ஆறுதான்."

அந்த வார்த்தையோடு அவர் முகம் கோணியது. இரண்டு வருடமாகக் கல்லாக இருந்த மனிதர், நோட்டின் மேல் கவிழ்ந்துகொண்டார். "கண்டெய்னர் போகட்டும் குகா, நாளைக்குப் போயி டாக்டரப் பாத்துக்கலாமுன்னு நாந்தான் சொன்னேன் துளசி. நாந்தான் சொன்னேன். செரிங்கப்பான்னான். எதுத்துக்கூடப் பேசலயே அவன்."

"எனக்குத் தெரியுமுங்க."

"தெரியுமா?"

"பக்கத்துலதான நின்னேன். நானும் ஒண்ணும் சொல்லலீங்களே மாமா."

அவருக்கு மூச்சு ஏறிக்கொண்டது. விக்கி விக்கி இழுத்தார், வெளியே விடத் தெரியவில்லை. துளசிமணி பின்னால் போய் நின்று, விலா இரண்டிலும் கையை வைத்தாள். வேல்விழி அவளுக்கு வைத்த மாதிரியே. "விடுங்க மாமா. மெல்ல விடுங்க. ஆறு எண்ணறேன். ஒண்ணு… ரெண்டு…" அவர் முதுகு அவள் கைக்குள் நடுங்கி நடுங்கி இறங்கியது. மறுபடி எண்ணினாள். அன்று மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. குகன் பெயரைச் சொல்லிச் சொல்லி, ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லாமல், அழுதுகொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து வேல்விழி போன் செய்தாள். "பாயி இங்கனயே கெடக்குக்கா. வாங்க" என்றாள். போனாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிலர் முன்னைவிடப் பிரியமாகப் பேசினார்கள். சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். தொடாமல் சுற்றிப் போன ஒருத்தி வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். மயிலாத்தாள் வந்தாள், ஆனால் பாயை ஹாலின் அந்தக் கோடியில் விரித்தாள். பாயைச் சுருட்டும் நேரத்தில் யாரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. துளசிமணி இருக்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டார்கள். பேசுங்கள் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அவனைப் பற்றிப் பேசிய ஒரே இடமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் தினமும் போனாள். போகாவிட்டால் நெஞ்சு அடைத்தது.

வைகாசியில் மோனிஷாவுக்கு நிச்சயமானது. தாராபுரத்து மாப்பிள்ளை. மயிலாத்தாள் வகுப்பில் ஒவ்வொருவர் பாயாகப் போய்க் குங்குமம் கொடுத்துப் பத்திரிகை வைத்தாள். துளசிமணியின் பாய்க்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினாள்.

"உன்னக் கூப்படாம இருக்க எனக்கு மனசு வரல, அம்முணி."

"சொல்லுங்கக்கா."

"ஆனா முகூர்த்தத்துக்கு வேண்டாம். சாயங்காலம் வரவேற்புக்கும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளு கழிச்சு ஊட்டுக்கு வா. புள்ள மறுவூட்டுக்கு வந்துருக்கும். ஆசீர்வாதம் பண்ணு." அவள் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு ஜாதகமும் ஒண்ணா இருந்துச்சில்ல… எனக்குப் பயமா இருக்குது. என்னன்னு சொல்லத் தெரியல. கோவிச்சுக்காத."

"கோவமில்லீங்கக்கா. நீங்க சொல்றது செரிதானுங்க" என்றாள் துளசிமணி. இரண்டு கையையும் நீட்டிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். மயிலாத்தாள் அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

கல்யாணத்தன்று வகுப்பு இருக்காது என்று தெரிந்தும், கால் பழக்கத்தில் ஆறு மணிக்கு மாடியேறினாள். கதவு திறந்திருந்தது. ஹாலில் வேல்விழி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்ற எல்லோரும் முந்தின நாளே வேன் பிடித்து உடுமலைக்குப் போய்விட்டார்கள்.

"நீங்க போகலீங்களா?"

"கிளாஸ் இருக்குல்லாக்கா" என்றாள் வேல்விழி.

இருவருக்காக முழு வகுப்பும் நடந்தது. கழுத்து, தோள், இடுப்பு. சூரிய நமஸ்காரம் பன்னிரண்டு சுற்று. வேல்விழி வழக்கம்போல எண்ணினாள், திருத்தினாள், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் "படுங்கக்கா" என்றாள். எப்போதும் பாய்களுக்கு நடுவே நடந்துகொண்டே பேசுகிறவள், அன்று தன் பாயை இழுத்துப் பக்கத்தில் போட்டுத் தானும் மல்லாந்து படுத்தாள்.

மணி ஆறு ஐம்பதிருக்கும். தாலி ஏறுகிற நேரம். துளசிமணிக்கு முதலில் கண்ணோரம் வழிந்தது. பன்னிரண்டு பேருக்கு நடுவில் உதட்டைக் கடித்துக்கொண்டே பழகியவள், அன்று கடிக்கவில்லை. வாய்விட்டு அழுதாள். பட்டு வேட்டியில் அவன் எப்படி இருந்திருப்பான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மடிப்பு எடுத்துவிட அம்மா வேண்டும் என்று நின்றிருப்பான் என்றாள். வேல்விழி சமாதானம் சொல்லவில்லை. "அப்பறம்க்கா?" என்று மட்டும் கேட்டாள். "வேற என்ன பண்ணியிருப்பான்?"

துளசிமணி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏழு மணிக்கு ஆண்கள் வகுப்புக்காரர்கள் படியேறி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, பாயைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள்.

"நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.